38 லிங்க், ஒரே வாசகம்: என் ஆங்கர் டெக்ஸ்ட் கோளாறைச் சரிசெய்த கதை

போன வாரம் சர்ச் கன்சோலைத் (நம் தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுள் கருவி) திறந்தபோது, என் கட்டுரை ஒன்றுக்குத் தேடல் முடிவுகளில் சராசரி இடம் 6 என்று இருந்தது. பதினோரு மாதத்துக்கு முன்பு 17. நடுவில் ஒரு கட்டத்தில் 46. பதினேழிலிருந்து ஆறுக்கு வர நாற்பத்தாறு வழியாகச் சுற்றிப்போனவன் நான். எங்கெங்கே வழி தப்பியது என்பதை ஞாபகம் இருக்கும்போதே எழுதி வைத்துவிடுகிறேன்.

தளம் தையல் மெஷின் பழுது பார்ப்பது பற்றியது. நான் ஒருவனேதான் எழுதுகிறேன். மொத்தம் 84 கட்டுரைகள். இங்கே சொல்லப்போகும் கட்டுரை, தைக்கும்போது மேல் நூல் ஏன் அறுந்துகொண்டே இருக்கிறது என்பதைப் பற்றியது: ஊசி திருப்பிப் போட்டிருப்பது, நூலின் டென்ஷன் (இழுவிசை) அதிகமாக இறுகியிருப்பது, ஊசித் தட்டின் துளையில் பிசிறு, இப்படி. நல்ல கட்டுரை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். படித்தவர்கள் நன்றி சொன்னார்கள். ஆனால் தேடலில் இரண்டாம் பக்கத்தைத் தாண்டி வரவில்லை.

அப்போதுதான் ஆங்கர் டெக்ஸ்ட் பற்றிப் படித்தேன். ஒரு லிங்கில் கிளிக் செய்யக் கிடைக்கும் அந்தச் சொற்கள், லிங்க் போய்ச்சேரும் பக்கம் எதைப் பற்றியது என்று கூகுளுக்குச் சொல்கின்றன. பழைய விஷயம்தான். 1998இல் பிரினும் பேஜும் எழுதிய கட்டுரையிலேயே, பக்கம் தன்னைப் பற்றிச் சொல்வதைவிட அதற்கு வரும் லிங்கின் சொற்கள் பல நேரம் அதைத் துல்லியமாக விவரிக்கின்றன என்று இருக்கிறது. இதைப் படித்துவிட்டு நான் போட்ட கணக்கு: அப்படியானால் எல்லாரையும் ஒரே சொல்லை எழுதவைத்தால் போதுமே.

தேர்ந்தெடுத்த சொல் ‘தையல் மெஷின் ரிப்பேர்’. அதிகம் பேர் தேடுவது அதுதான் என்பதால். என் பக்கம் ரிப்பேர் மொத்தத்தையும் பற்றியதல்ல, நூல் அறுவதைப் பற்றியது மட்டும் என்பது அன்று உறைக்கவில்லை. வீட்டுக் கதவில் ஆஸ்பத்திரி என்று பலகை மாட்டிய மாதிரி.

இரண்டு மாதம் உட்கார்ந்து 38 தளங்களில் அந்தச் சொல்லோடு லிங்க் வாங்கினேன். அதில் 12 நான் மற்றவர்களின் தளத்துக்கு எழுதிக் கொடுத்த விருந்தினர் கட்டுரைகள். 15 தெரிந்தவர்களின் பழைய பதிவுகளில் கேட்டுச் சேர்த்தவை. 5 தளங்களின் அடிப்பகுதியில், அதாவது ஃபுட்டரில். மீதி 6 ஒரு விட்ஜெட், அதாவது அடுத்தவர் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளக்கூடிய சின்னப் பெட்டி. ஊசி அளவு அட்டவணை ஒன்று செய்திருந்தேன்: 70/10, 80/12, 90/14, 100/16, எதற்கு எந்தத் துணி என்று. யார் வேண்டுமானாலும் அதன் நிரல் வரிகளைக் காப்பி செய்து தங்கள் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளலாம். அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் என் லிங்க். ரொம்பப் புத்திசாலித்தனம் என்று நினைத்துக்கொண்டேன். கீவேர்ட் (தேடுபவர்கள் தட்டும் சொல்) திணித்த விட்ஜெட் லிங்கும் ஃபுட்டர் லிங்கும் கூகுளின் ஸ்பேம் கொள்கைப் பக்கத்திலேயே உதாரணமாகப் பட்டியலிடப்பட்டிருக்கின்றன என்பதைப் பிறகுதான் பார்த்தேன். செலவான நேரம் கிட்டத்தட்ட 40 மணி நேரம்.

ஆறு வாரத்தில் 17 என்பது 12 ஆனது. குதித்தேன். பத்தாவது வாரம் 46.

விழுந்த பிறகு செய்த முதல் தவறு

முதலில் சர்ச் கன்சோலில் மேனுவல் ஆக்‌ஷன் பகுதியைப் பார்த்தேன். ஒன்றுமில்லை. கூகுளின் ஆள் யாராவது என் தளத்தைப் பார்த்துத் தண்டனை கொடுத்திருந்தால் அங்கே அறிவிப்பு இருக்கும், சரிசெய்துவிட்டு மறுபரிசீலனைக்கு விண்ணப்பிக்கலாம். அறிவிப்பே இல்லாதபோது யாரிடம் விண்ணப்பிப்பது? கெட்ட லிங்குகளைப் பிடிக்கும் பெங்குயின் என்ற கூகுள் வடிகட்டி 2012 ஏப்ரலில் வந்தபோது தளங்களையே கீழே தள்ளியது. 2016 செப்டம்பரிலிருந்து அது கூகுளின் மூல அல்காரிதத்தில் சேர்ந்து உடனுக்குடன் ஓடுகிறது, பெரும்பாலும் கெட்ட லிங்கின் மதிப்பைப் பூஜ்ஜியமாக்கிவிடுவதோடு நிறுத்திக்கொள்கிறது. எனக்கு நடந்தது அதுதானா, வேறு ஏதாவதா என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை. மேஜையில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒரே 46தான்.

பதற்றத்தில் டிஸ்அவோ கருவியைக் கையில் எடுத்தேன். ‘இந்தத் தளங்களிலிருந்து வரும் லிங்கைக் கணக்கில் எடுக்காதே’ என்று கூகுளிடம் ஒரு டெக்ஸ்ட் ஃபைலாகக் கொடுப்பது. வரிக்கு ஒரு தளம். பார்க்கச் சுலபம், அதனால்தான் ஆபத்து. அரை மணி நேரத்தில் பெயர்ப் பட்டியலைப் பார்த்து, பரிச்சயமில்லாத தளம் எல்லாவற்றையும் சேர்த்து ஏற்றிவிட்டேன். மறுநாள் நிதானமாகப் பார்த்தால் அதில் ஒன்று, நான் கேட்காமலேயே என் கட்டுரையை ஒரு பத்தி முழுக்கப் பாராட்டி லிங்க் கொடுத்த தளம். என்னிடம் இருந்த உருப்படியான லிங்குகளில் ஒன்றை என் கையாலேயே வெட்டியிருக்கிறேன். பட்டியலை ரத்து செய்தேன். செய்தாலும் உடனே தெரியாது, கூகுள் அந்தப் பக்கங்களை மறுபடி வந்து படிக்க வாரக்கணக்கில் ஆகும். பெரும்பாலான தளங்களுக்கு இந்தக் கருவி தேவையே இல்லை என்று கூகுளே சொல்லியிருப்பதை இரண்டாம் முறை படித்தபோதுதான் புத்தியில் ஏறியது.

கையால் எண்ணியது

பிறகுதான் ஒழுங்காகக் கணக்கெடுத்தேன். சர்ச் கன்சோலின் லிங்க் அறிக்கையில் எந்தெந்தத் தளம் லிங்க் கொடுக்கிறது என்று ஒரு பட்டியல், எந்த வாசகத்தில் கொடுக்கிறது என்று இன்னொரு பட்டியல். இரண்டையும் சேர்த்து, எந்தத் தளம் எந்த வாசகம் என்று காட்டாது. அதனால் லிங்க் கொடுத்த 63 தளங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து, லிங்கின் மேல் ரைட் கிளிக் செய்து, இன்ஸ்பெக்ட் போட்டுப் பார்த்து ஸ்ப்ரெட்ஷீட்டில் ஏற்றினேன். பத்திகள் (நெடுவரிசைகள்): தளம், லிங்க் வாசகம், அது இருக்கும் முழு வாக்கியம், பக்கத்தில் எந்த இடம், நோஃபாலோ (இந்த லிங்குக்கு மதிப்புக் கொடுக்காதே என்று கூகுளுக்குச் சொல்லும் குறி) இருக்கிறதா. முழு வாக்கியத்துக்கு ஒரு பத்தி வைத்ததுதான் இந்த வேலை முழுவதிலும் நான் செய்த நல்ல காரியம். ஏன் என்று கீழே வரும். ஒன்பது மணி நேரம் ஆனது.

எண்ணும்போது ஒரு வேடிக்கை. ‘தையல் மெஷின் கோளாறு’ என்ற வாசகத்தை ஸ்ப்ரெட்ஷீட் இரண்டு தனி வரிகளாகக் காட்டியது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இடைவெளி அதிகமா என்று பார்த்தேன், இல்லை. எழுத்து எண்ணிக்கையைப் போட்டுப் பார்த்தால் ‘கோளாறு’ ஒரு வரியில் 6, இன்னொன்றில் 7. முதலாவதில் ‘கோ’வின் ஓகாரக் குறி ஒரே யூனிகோட் எழுத்து. இரண்டாவதில் யாரோ இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியாக அடித்திருக்கிறார்கள். தமிழில் எண்ணப்போகிறவர்கள் ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளை முதலில் ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொண்டு எண்ணுங்கள்.

63இல் 38 என் ‘தையல் மெஷின் ரிப்பேர்’. 9 வெறும் யூஆர்எல். 7 தளத்தின் பெயர். ‘இங்கே’ என்று 3. படத்துக்குப் பின்னால் லிங்க், ஆல்ட் டெக்ஸ்ட் (படத்துக்கான விவரிப்பு) காலி, 2. மனிதர்கள் தாங்களாக வாக்கியத்தில் எழுதியது வெறும் 4. கோளாறு என்று எழுதிய இருவரும் அந்த நான்கில் அடக்கம்.

அந்த 9 யூஆர்எல்லைப் பற்றி ஒரு வார்த்தை. என் கட்டுரை முகவரியைத் தமிழிலேயே வைத்திருந்தேன். பிரவுசரில் அழகாகத் தெரியும். காப்பி செய்து ஒட்டினால் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டாகப் பிரிந்து, பைட்டுக்கு ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக ஒன்பது இடம் பிடிக்கும். முப்பது குறி கொண்ட என் முகவரி 270 எழுத்துப் பாம்பாக நெளிந்து அடுத்தவர் பக்கத்தில் கிடந்தது. மனிதர் யாரும் அதைப் படித்து எதுவும் புரிந்துகொள்ள முடியாது. இந்த ஒரு கட்டுரைக்கு மட்டும் சின்னதாக ஆங்கில எழுத்தில் புது முகவரி வைத்து, பழையதிலிருந்து 301 ரீடைரக்ட் (பழைய முகவரிக்கு வருபவரை நிரந்தரமாகப் புதியதற்கு அனுப்புவது) போட்டேன். மற்ற 83ஐத் தொடவில்லை. ஒரே நேரத்தில் பத்துத் திருகாணியைக் கழற்றினால் எது எதற்கு என்று தெரியாமல் போகும்.

ஃபுட்டர் லிங்குகளில் ஒன்று தளம் முழுக்க 412 பக்கங்களில் ஒரே வாசகத்தோடு இருந்தது. நண்பரைக் கூப்பிட்டேன், பத்து நிமிடத்தில் எடுத்துவிட்டார். “நீ சொன்னதாலதான போட்டேன்” என்றார். உண்மைதான்.

சதவீத அட்டவணை என்ற இரண்டாவது பள்ளம்

38ஐயும் எப்படி மாற்றுவது? இணையத்தில் எல்லாரும் ஒரு விகிதம் சொல்கிறார்கள்: அச்சு அசல் கீவேர்ட் இத்தனை சதவீதம், பாதி கீவேர்ட் இத்தனை, பிராண்ட் பெயர் இத்தனை. ஆளுக்கொரு எண். நானும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, பத்து மாற்று வாசகங்கள் தயார் செய்து, சீட்டுக் குலுக்கிய மாதிரி தளங்களுக்குப் பங்கிட்டுக் கடிதம் அனுப்பினேன். ‘தயவுசெய்து லிங்க் வாசகத்தைக் கீழ்க்கண்டவாறு மாற்றவும்.’

ஒருவர் பதில் எழுதினார்: “வாக்கியத்தில் ஒட்டவே இல்லையே, நீங்களே படித்துப் பாருங்கள்.” முழு வாக்கியப் பத்தியைத் திறந்து படித்தேன். அவர் பக்கத்தில் இருந்தது இது:

‘துணி கனமாக இருந்தால் தையல் மெஷின் ரிப்பேர் ஊசியை மாற்றிப் பாருங்கள்.’

லிங்க் நடுவில் ஒரு கல் மாதிரி கிடக்கிறது. நான் அனுப்பிய மாற்று வாசகத்தைப் போட்டால் கல்லின் நிறம் மாறும், அவ்வளவே. அன்றைக்கு மாலை முழுக்க 38 வாக்கியங்களையும் சத்தமாகப் படித்தேன். தமிழில் கீவேர்டைத் திணிப்பது ஏன் இவ்வளவு அசிங்கமாகத் தெரிகிறது என்பது அப்போதுதான் விளங்கியது. ஆங்கிலத்தில் ஒரு பெயர்ச்சொல் வாக்கியத்தில் எங்கே உட்கார்ந்தாலும் அப்படியே இருக்கும். நம் சொல்லோ உருபு ஏற்றுக்கொண்டு ரிப்பேரை, ரிப்பேருக்கு, ரிப்பேரில் என்று ஆகிவிடும். நான் ‘ரிப்பேர்’ என்றே வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததால், பாவம் அவர்கள் பலவிதமாகச் சமாளித்திருந்தார்கள். ஒரு பக்கத்தில் ‘தையல் மெஷின் ரிப்பேர்’ அடிக்கோட்டோடு, அப்புறம் ஒரு இடைவெளி, அப்புறம் அனாதையாக ஒரு ‘க்கு’. இன்னொன்றில் லிங்கை மூடும் குறி ‘ர’வுக்கும் ஐகாரக் குறிக்கும் நடுவில் விழுந்து, ஐகாரம் தனியே ஒரு புள்ளிவட்டத்தைத் தோளில் சுமந்துகொண்டு நின்றது. என் பெயரில் இப்படி ஒரு லிங்க் உலகத்தில் இருக்கிறதே என்று வெட்கமாகிவிட்டது.

அந்த வாக்கியத்தை இப்படித் திருத்தி அனுப்பினேன்: ‘கனமான துணியில் நூல் அறுந்துகொண்டே இருந்தால் முதலில் ஊசியை மாற்றிப் பாருங்கள்.’ லிங்க் ‘நூல் அறுந்துகொண்டே இருந்தால்’ என்பதில். கீவேர்ட் கருவி எதிலும் இந்தத் தொடர் கிடையாது. ஆனால் சர்ச் கன்சோலில் என் பக்கத்துக்கு ஆட்களைக் கொண்டுவரும் தேடல்களைப் பார்த்தால் ‘நூல் அறுந்து போகுது’, ‘நூல் அடிக்கடி அறுது’ என்று பேச்சுத் தமிழில்தான் இருந்தன. நான் துரத்திய ‘ரிப்பேர்’ அந்தப் பட்டியலின் முதல் இருபதில்கூட இல்லை.

சதவீத அட்டவணையை அழித்தேன். இரண்டாவது கடிதம் நாலே வரி. நான் முன்பு கேட்டது தவறு. உங்கள் வாசகருக்கு இந்த லிங்க் பயன்படும் என்றால் உங்கள் சொற்களில் எழுதிவிடுங்கள். பயன்படாது என்றால் எடுத்துவிடுங்கள். பரிமாற்றத்துக்காகப் போட்டது என்றால் நோஃபாலோ அல்லது ஸ்பான்சர்டு என்று குறித்துவிடுங்கள். என்ன வாசகம் என்று மட்டும் நான் சொல்லவில்லை.

14 பேர் மாற்றினார்கள். 9 பேர் எடுத்துவிட்டார்கள், அந்த ஃபுட்டர் உட்பட. 4 பேர் நோஃபாலோ போட்டார்கள். 11 பேரிடமிருந்து இன்றுவரை பதில் இல்லை. விட்ஜெட்டின் புதுப் பிரதியில் தளத்தின் பெயர் மட்டும், அதுவும் நோஃபாலோவோடு. மாற்றிய 14இல் பெரும்பாலானவை ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. ஒருவர் ‘ஊசியைத் திருப்பிப் போட்டால் என்ன ஆகும் என்று இவர் சொல்வதைப் படியுங்கள்’ என்று முழு வரியையே லிங்காக்கியிருந்தார். கொஞ்சம் நீளம்தான், நான் வாயைத் திறக்கவில்லை.

என் கையில் இருந்ததைச் சரிசெய்தது

மாற்றிய 14ஐயும் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. ஐந்து பேர் என் கட்டுரைத் தலைப்பை அப்படியே எடுத்து லிங்க் வாசகமாகப் போட்டிருந்தார்கள். மனித சுபாவம், அவசரத்தில் எதிரே இருப்பதை எடுத்துப் போடுவோம். ஆனால் என் தலைப்பு ‘தையல் மெஷின் ரிப்பேர் - முழு வழிகாட்டி’. அதாவது நான் பாடுபட்டு ஒழித்த அதே வாசகம் என் தலைப்பு வழியாகவே மறுபடி முளைத்துக்கொண்டிருந்தது!

தலைப்பை ‘தையல் மெஷினில் நூல் அறுந்துகொண்டே இருக்கிறதா? பார்க்க வேண்டிய 7 இடங்கள்’ என்று மாற்றினேன். இருபது நிமிட வேலை. அதற்குப் பிறகு கேட்காமல் வந்த லிங்க் 11. அதில் 6 இந்தத் தலைப்பை முழுதாகவோ பாதியாகவோ எடுத்துக்கொண்டவை. அடுத்தவர் பக்கத்தில் என்ன சொல் வர வேண்டும் என்று 40 மணி நேரம் மல்லுக்கட்டியவனுக்கு, அந்தச் சொல் தன் பக்கத்தின் மேல் வரியிலேயே இருந்தது தெரியவில்லை.

கடைசியாக உள் லிங்குகள். என் தளத்துக்குள்ளேயே மற்றக் கட்டுரைகளிலிருந்து இந்தப் பக்கத்துக்கு 52 லிங்க் இருந்தன. 52லும் ‘மேலும் படிக்க’. யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லாத லிங்குகளில் ஒரு தகவலும் இல்லாத வாசகம்.

இங்கேயும் குறுக்கு வழி தேடினேன். குறிப்பிட்ட சொல் வருமிடமெல்லாம் தானாக லிங்க் போடும் பிளக்இன் ஒன்றில் ‘நூல்’ என்று கொடுத்தேன். மறுநாள் பார்த்தால் ஒரு கட்டுரையில் மட்டும் 14 லிங்க். அது போகட்டும், தையற்கலை பற்றிய புத்தகங்களை அறிமுகம் செய்திருந்த பதிவில் ‘இந்த நூல் தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கு ஏற்றது’ என்ற வரியில் ‘நூல்’ அடிக்கோட்டோடு மின்னியது. கிளிக் செய்தால் நூல் அறுவதற்கான ஏழு காரணங்கள். பிளக்இன்னைத் தூக்கி, அது போட்டதை எல்லாம் சுத்தம் செய்ய மூன்று மணி நேரம்.

பிறகு கையால் செய்தேன், ஐந்து மணி நேரம். ஒவ்வொரு கட்டுரையிலும் வாசகர் எந்த இடத்தில் நூல் அறுவதைப் பற்றி யோசிப்பாரோ அந்த வாக்கியத்தைத் தேடி அங்கே லிங்க். பாபின் (கீழ் நூல் சுற்றிய உருளை) பற்றிய கட்டுரையில் ‘மேல் நூல் மட்டும் அறுகிறது என்றால்’. ஜீன்ஸ் தைப்பது பற்றியதில் ‘தடித்த மடிப்பில் நூல் தாங்காமல் போவது’. லிங்க் வாசகத்தை மட்டும் தனியாகப் படித்தால் எங்கே போகப்போகிறோம் என்று தெரிய வேண்டும், உருபு வந்தால் முழுச்சொல்லும் லிங்குக்குள் இருக்க வேண்டும். இந்த இரண்டைத் தவிர வேறு விதி வைத்துக்கொள்ளவில்லை. 12 இடங்களில் பொருத்தமான வாக்கியமே இல்லை, லிங்கை எடுத்துவிட்டேன். ஆக இப்போது 40.

இடம் மெதுவாகத்தான் ஏறியது. கடிதங்கள் முடிந்தபோது 31. தலைப்பும் உள் லிங்கும் மாற்றிய இரண்டு மாதத்தில் 14. இப்போது 6. இடையில் கட்டுரையில் இரண்டு பத்தி புதிதாக எழுதினேன், ஊசித் தட்டின் பிசிறைக் காட்டும் படமும் சேர்த்தேன். அதனால் எது எவ்வளவு வேலை செய்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. அடுத்த முறை ஒரு மாற்றத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே குறைந்தது நான்கு வாரம் விட்டு, தேதியோடு குறித்துவைப்பேன். சராசரி இடத்தையும் பக்கத்துக்கு மொத்தமாகப் பார்க்காமல் தேடல் வாரியாகப் பார்ப்பேன். எங்கோ 80ஆவது இடத்தில் தலைகாட்டும் சம்பந்தமில்லாத தேடல் ஒன்று சராசரியைக் கெடுத்துவிடுகிறது.

பதில் வராத 11 தளங்களுக்கு மூன்றாவது கடிதம் எழுதவில்லை. டிஸ்அவோ பக்கமும் போகவில்லை. ஸ்ப்ரெட்ஷீட்டில் அந்த வரிகளுக்கு மஞ்சள் அடித்து வைத்திருக்கிறேன். இப்போது கையில் இருப்பது பாபின் கட்டுரை, இடம் 22. அதன் தலைப்பு ‘பாபின் - ஒரு பார்வை’. அதை யார் லிங்காக்கினாலும் என்ன தெரியப்போகிறது என்று நேற்றிரவு அதைத்தான் முதலில் மாற்றினேன்.